செல்ல ரோபோக்கள் உயிருள்ளவை போல் தோன்றுவது எப்படி?

சாவி கொடுத்து ஓடவிட்ட கார் பொம்மை சுவரில் முட்டிக்கொண்ட பிறகும் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எதிரே சுவர் இருப்பது அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் அதற்குக் கிடையாது. சுவரை உணர்ந்து நின்று, திரும்பி வேறு பக்கம் போகிற பொம்மையைத்தான் ரோபோ என்கிறோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு விலையிலோ மோட்டாரின் வலிமையிலோ இல்லை. சுற்றிலும் நடப்பதை உணர்வது, உணர்ந்ததை வைத்து அடுத்துச் செய்ய வேண்டியதைத் தீர்மானிப்பது, தீர்மானித்தபடி அசைவது ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து விடாமல் சுற்றிவந்தால் அந்தப் பொருள் ரோபோ ஆகிவிடுகிறது.

ஆனால் இந்த விளக்கம் பாதி தூரம்தான் கொண்டுபோகும். கடை வாசலில் உள்ள தானியங்கிக் கதவும் ஆள் வருவதை உணர்கிறது, திறப்பதென்று தீர்மானிக்கிறது, திறக்கிறது. அதை யாரும் பெயர் வைத்துக் கொஞ்சுவதில்லை. ஜப்பானில் உருவான ரோபோ நாய்களையும் சீல் குட்டிகளையும் மக்கள் கொஞ்சுகிறார்கள்; பழுதானால் கலங்குகிறார்கள்; சிலர் கோயிலில் ஈமச் சடங்கும் செய்திருக்கிறார்கள். கதவுக்குக் கிடைக்காத இந்த மரியாதை பொம்மைக்குக் கிடைக்கக் காரணமாக இருப்பது, அதற்குள் இருக்கும் அறிவு அல்ல என்பதே என் கருத்து. மிகச் சிறிய இயந்திர உத்திகள் சிலவும், அவற்றுக்குப் பொருள் கற்பித்துக்கொள்ளும் மனித மனமும் சேர்ந்து அதைச் செய்கின்றன. அந்த உத்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் விஷயம் எளிதில் விளங்கும்.

மின்சாரமே இல்லாத ஒரு பொம்மையிலிருந்து தொடங்குவது நல்லது. ஜப்பானின் எடோ காலத்தில், அதாவது 1603-க்கும் 1868-க்கும் இடைப்பட்ட காலத்தில், 'கராகுரி நிங்க்யோ' எனப்படும் இயந்திரப் பொம்மைகள் செய்யப்பட்டன. அவற்றுள் தேநீர் பரிமாறும் பொம்மை புகழ்பெற்றது. வீட்டுக்காரர் அதன் கைத்தட்டில் தேநீர்க் கிண்ணத்தை வைத்ததும் அது விருந்தினரை நோக்கி நகர்ந்து வரும். விருந்தினர் கிண்ணத்தை எடுத்ததும் நின்றுவிடும். குடித்து முடித்துக் கிண்ணத்தைத் திரும்ப வைத்தால், திரும்பி வந்த வழியே போய்விடும். நகரும்போது தலையசைக்கும், கால்களும் நடப்பது போல அசையும். உண்மையில் அது நடப்பதில்லை. அங்கிக்கு அடியில் சக்கரங்கள் மறைந்திருக்கின்றன. கால்கள் வெறும் காட்சிக்காக அசைகின்றன.

இதன் உள்ளமைப்பை ஹோசோகாவா ஹான்ஸோ என்பவர் 1796-இல் வெளிவந்த 'கராகுரி சுயி' என்ற நூலில் படங்களுடன் விளக்கியிருக்கிறார். உள்ளே ஆற்றலைத் தருவது ஒரு சுருள்வில். அது எஃகால் ஆனதன்று. சிலவகைத் திமிங்கிலங்களின் வாயில் பல்லுக்குப் பதிலாக வளரும் வளையக்கூடிய தகட்டிலிருந்து வெட்டப்பட்டது. கிண்ணத்தின் எடை கையைக் கீழே அழுத்தும்போது ஒரு தடுப்பு விலகிச் சக்கரங்கள் சுழலத் தொடங்குகின்றன. எடை நீங்கியதும் கை மேலெழுந்து தடுப்பு மீண்டும் விழுகிறது. குறிப்பிட்ட தூரம் சென்றபின் திரும்ப வேண்டும் என்ற கட்டளை எங்கே இருக்கிறது? சீரான வட்டமாக இல்லாமல் ஓரிடத்தில் புடைத்தோ குழிந்தோ வெட்டப்பட்ட ஒரு சக்கரத்தில் இருக்கிறது. பொறியியலில் அதைக் கேம் என்பார்கள். அது சுழன்றுவந்து அந்த இடத்தை எட்டும்போது ஒரு நெம்பைத் தள்ளும். நெம்பு முன்சக்கரத்தைத் திருப்பிவிடும். இன்றைய சொற்களில் சொல்வதானால், தட்டுதான் உணரி, கேம்தான் நிரல், சக்கரங்கள்தான் இயக்கி. மூன்றும் மரத்தில் இருக்கின்றன.

இவ்வகைப் பொம்மைகளின் பெருந்தச்சராகப் பெயர் பெற்றவர் கியூஷு தீவின் குருமே ஊரில் 1799-இல் பிறந்த தனகா ஹிசாஷிகே. 1875-இல் டோக்கியோவில் அவர் தொடங்கிய பட்டறைதான் பின்னாளில் தோஷிபா நிறுவனமாக வளர்ந்தது. அவருடைய படைப்புகளுள் ஒன்று அம்பெய்யும் சிறுவன். அவன் அம்பை எடுத்து, நாணில் பூட்டி, குறிபார்த்து எய்வான். எய்பவற்றுள் ஒன்று குறி தவறும்படி வேண்டுமென்றே அமைக்கப்பட்டது என்பர். எல்லா அம்பும் தைத்தால் பார்ப்பவர்கள் இயந்திரத்தை வியப்பார்கள். ஓர் அம்பு தவறி, அடுத்தது தைத்தால் சிறுவனுக்காக மகிழ்வார்கள். முகத்தில் அசையும் பகுதி எதுவும் இல்லாவிட்டாலும், தலை சற்றுத் தாழ்ந்தாலோ நிமிர்ந்தாலோ அதே முகம் வருந்துவது போலவும் பெருமிதம் கொள்வது போலவும் தெரியும். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்த மின்னணுப் பொம்மைகள் எல்லாவற்றிலும் இந்தச் சிறுவனின் சாயலைக் காண முடியும்.

அடுத்த பெரிய பாய்ச்சல் அசையவே அசையாத ஒரு பொம்மையில் நிகழ்ந்தது. 1996 நவம்பரில் பண்டாய் நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட தமகொச்சி, சாவிக்கொத்தில் மாட்டக்கூடிய முட்டை வடிவக் கருவி. அதில் ஒரு சிறு கறுப்பு வெள்ளைத் திரையும் மூன்று பொத்தான்களும் மட்டுமே இருந்தன. முட்டையைக் குறிக்கும் 'தமகோ' என்ற சொல்லும் கைக்கடிகாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து உருவான பெயர் அது. திரையில் ஒரு குஞ்சு பொரிந்து வரும். அதற்கு உணவு கொடுக்க வேண்டும், விளையாட்டுக் காட்ட வேண்டும், கழிவை அகற்ற வேண்டும், தூங்கும் நேரத்தில் விளக்கை அணைக்க வேண்டும். கவனிக்காவிட்டால் அது இறந்துவிடும். பிள்ளைகள் அதை வகுப்பறைக்கு எடுத்துச் சென்றார்கள். பல பள்ளிகள் தடை விதித்தன. இதை உருவாக்கிய யோகோய் அகிஹிரோவுக்கும் மைதா அகிக்கும் 1997-இல் பொருளாதாரத்துக்கான இக் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மெய்நிகர் செல்லப்பிராணியைப் பராமரிப்பதில் மில்லியன்கணக்கான மனித உழைப்பு மணிகளைத் திருப்பிவிட்டதற்காக அந்தக் கேலிப் பரிசு.

தமகொச்சிக்குள் பசி என்பது ஓர் எண். திரையில் நான்கு இதயங்களாகக் காட்டப்படும் அந்த எண் நேரம் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வரும். உணவுப் பொத்தானை அழுத்தினால் கூடும். காலியாகிவிட்டால் கருவி பீப் என்று ஒலித்து அழைக்கும். மகிழ்ச்சிக்கும் இதே போன்ற ஒரு கணக்கு உண்டு. இவ்வாறு வெளியுலகம் எப்படியிருந்தாலும் உள்ளே தானாக மாறிக்கொண்டிருக்கும் எண்களை 'உள்நிலை' என்று அழைக்கலாம். தேநீர்ப் பொம்மைக்கு உள்நிலை கிடையாது. கிண்ணம் வைத்தால் வரும், எடுத்தால் நிற்கும், அவ்வளவுதான். தானியங்கிக் கதவுக்கும் கிடையாது. தமகொச்சியோ நாம் ஒன்றும் செய்யாதபோதும் மாறிக்கொண்டிருக்கிறது. சட்டைப்பையில் இருக்கும்போதே அதற்குப் பசிக்கிறது. பொம்மைக்கு விளையாடுபவர் தேவைப்படுகிறார் என்ற எண்ணம் இங்கேதான் பிறந்தது. அன்பு செய்வதால் பராமரிக்கிறோம் என்று நினைக்கிறோம். பராமரித்துக்கொண்டே இருப்பதால் அன்பு உண்டாவதும் உண்டு. பின்னால் வந்த இரண்டரை லட்சம் யென் ரோபோ நாயைவிட இந்தச் சிறு முட்டையே பெரிய கண்டுபிடிப்பு என்று நான் சொல்வேன்.

ஜப்பானுக்கு வெளியே இதே எண்ணத்துக்கு உரோமமும் கண்ணும் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் டேவ் ஹாம்ப்டன், கேலப் சங் என்ற இருவர். அவர்கள் வடிவமைத்த ஃபர்பியை டைகர் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1998-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆந்தைக்கும் வெள்ளெலிக்கும் இடைப்பட்ட உருவம். கண் சிமிட்டும், காதை ஆட்டும், வாயைத் திறந்து பேசும், முன்புறம் சாய்ந்து ஆடும். இத்தனைக்கும் உள்ளே ஒரே ஒரு மோட்டார்தான் இருந்தது. அந்த மோட்டார் ஓர் அச்சை முன்னும் பின்னும் சுழற்றும். அச்சின்மேல் தேநீர்ப் பொம்மையில் பார்த்த அதே வகைக் கேம்கள் பல வரிசையாக இருக்கும். அச்சு ஒரு கோணத்தில் நிற்கும்போது இமை மூடும், வேறொரு கோணத்தில் வாய் திறக்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் தனி மோட்டார் வைத்திருந்தால் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் விலையில் அதை விற்றிருக்க முடியாது. ஒன்று அசையும்போது மற்றொன்றும் சற்றே சேர்ந்து அசைவது இந்தச் சிக்கனத்தின் பக்கவிளைவு. ஆனால் உயிருள்ள முகத்திலும் புருவமும் உதடும் சேர்ந்தே அசைவதால், அதுவே இயல்பாகத் தோன்றியது.

ஃபர்பி தொடக்கத்தில் தனக்கென்று புனையப்பட்ட ஒரு மொழியில் மட்டும் பேசும். நாள்கள் செல்லச் செல்ல ஆங்கிலச் சொற்கள் கூடும். வீட்டில் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது என்றே பலர் நம்பினார்கள். அது ஒரு சொல்லைக்கூடக் கேட்டுக் கற்கவில்லை. எல்லாச் சொற்களும் தொழிற்சாலையிலேயே சில்லில் பதியப்பட்டவை. எவ்வளவு நேரம் விளையாடினார்கள் என்ற கணக்கைப் பொறுத்து அவை மெல்ல மெல்லத் திறந்துவிடப்பட்டன. ஒலி வந்ததா இல்லையா என்பதை மட்டுமே அதன் மைக் உணரும். ஆனாலும் 1999 ஜனவரியில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, உரையாடல்களைப் பதிவு செய்துவிடும் என்ற அச்சத்தில், தன் வளாகத்துக்குள் ஃபர்பியைக் கொண்டுவரக் கூடாது என்று ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியதாகச் செய்தி வெளியாகி உலகமே சிரித்தது. ஒற்று வேலையையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட ஏமாறும் அளவுக்கு அந்த உத்தி வெற்றி பெற்றது. வளர்வது போலக் காட்டுவதும் உண்மையில் கற்பதும் வேறு வேறு. பெட்டியின்மேல் 'கற்றுக்கொள்ளும்' என்று அச்சிட்ட எந்தப் பொம்மையைப் பார்த்தாலும் இந்த வேறுபாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்தச் சூழலில்தான் 1999 மே மாதம் சோனி நிறுவனம் ஐபோ என்ற ரோபோ நாயை அறிவித்தது. ஜப்பானிய மொழியில் 'ஐபோ' என்பது கூட்டாளியைக் குறிக்கும் சொல்; செயற்கை நுண்ணறிவு ரோபோ என்ற ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகவும் அதைக் கொள்ளலாம். பொறியாளர் தோய் தோஷிதாதாவின் தலைமையில் உருவான இந்த நாய்க்கு உருவம் வரைந்தவர் ஓவியர் சோராயாமா ஹாஜிமே. விலை 2,50,000 யென். ஜூன் 1-ஆம் தேதி இணையத்தில் மட்டும் விற்பனை தொடங்கியபோது, ஜப்பானுக்கு ஒதுக்கிய 3,000 நாய்களும் 20 நிமிடங்களில் தீர்ந்தன.

அது எவ்வாறு இயங்கியது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதலில் உடல். முதல் ஐபோவில் 18 அசைவு அச்சுகள் இருந்தன: காலுக்கு மூன்றாகப் பன்னிரண்டு, தலைக்கு மூன்று, வாலுக்கு இரண்டு, வாய்க்கு ஒன்று. ஒவ்வோர் அச்சிலும் ஒரு மோட்டாரும் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பற்சக்கரங்களும், மூட்டு இப்போது எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்று அளந்து சொல்லும் பகுதியும் சேர்ந்திருக்கும். இந்த அளவீடுதான் முக்கியம். '30 பாகை திரும்பு' என்று கட்டளையிட்டால், வெறும் மோட்டார் குத்துமதிப்பாகச் சுழன்று நிற்கும். அளவியோடு கூடிய மோட்டார் 28 பாகையில் நிற்பதை அறிந்து இன்னும் இரண்டு பாகை நகரும், தாண்டிவிட்டால் திரும்பி வரும். இதை ஒவ்வொரு நொடியும் பலமுறை செய்கிறது. சர்வோ மோட்டார் என்று கடைகளில் விற்கப்படுவது இதுவே. கையால் காலைப் பிடித்து நிறுத்தினால் அது எதிர்த்துத் தள்ளுவதும் இதனால்தான்.

அடுத்தது புலன்கள். மூக்குப் பகுதியில் கேமரா, காதுகளில் மைக், தலையின் உச்சியில் அழுத்தத்தை அறியும் உணரி, உடலுக்குள் முடுக்கத்தை அளக்கும் உணரி. முடுக்க உணரியைச் சிறு குழாயில் அடைத்த நீர்க்குமிழி போலக் கற்பனை செய்துகொள்ளலாம். எந்தப் பக்கம் கீழே என்பதை அது எப்போதும் அறியும். நாய் கவிழ்ந்துவிட்டால் அதை உணர்ந்து, கால்களை மடக்கி, முட்டி மோதி எழுந்து நிற்கும். தலையைச் சட்டென்று அடித்தால் கண்டிப்பாகவும் மெல்ல நீளத் தடவினால் பாராட்டாகவும் எடுத்துக்கொள்ளும். மகிழ்ச்சி என்றால் கண் விளக்குகள் பச்சையாகும், கோபம் என்றால் சிவப்பாகும்.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவே இருக்கும் தீர்மானம். சோனியின் பொறியாளர்கள் ஐபோவுக்கு நான்கு இயல்பூக்கங்களையும் ஆறு உணர்ச்சிகளையும் வைத்தார்கள். தமகொச்சியின் இதயங்களைப் போலவே இவையும் ஏறி இறங்கும் எண்கள்தான். மின்கலம் வற்றினால் ஓர் எண் ஏறும், யாரும் கவனிக்காவிட்டால் இன்னொன்று ஏறும். ஆனால் எண் ஏறியதும் எப்போதும் ஒரே செயலைச் செய்தால் இரண்டே நாளில் சலித்துவிடும். ஆகவே செயலைத் தேர்ந்தெடுப்பதில் தற்செயலுக்கு இடம் விடப்படுகிறது. விளக்கத்துக்காக நானே ஓர் உதாரணம் சொல்கிறேன். இளஞ்சிவப்புப் பந்தைக் கண்டால் பத்துக்கு ஆறு முறை துரத்து, மூன்று முறை உற்றுப் பார், ஒரு முறை கண்டுகொள்ளாமல் உட்கார் என்று நிரலில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நாய் துரத்தும்போதெல்லாம் நீங்கள் தலையைத் தடவினால் ஆறு ஏழாகும், எட்டாகும். உட்காரும்போது தடவினால் சோம்பேறி நாய் ஒன்று வளரும். ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு நாய்கள் இரண்டு வீடுகளில் வெவ்வேறு குணத்தோடு வளர்வது இந்த வழியில்தான். ஃபர்பியைப் போல அல்லாமல், இங்கே வளர்ப்பவரின் செயலால் உள்ளே உண்மையாகவே ஏதோ மாறுகிறது.

அந்தப் பத்தில் ஒரு முறையைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அழைத்தும் வராத நாயைப் பார்த்து, அதன் உரிமையாளர் 'கோபித்துக்கொண்டிருக்கிறது' என்பார். கட்டளை கொடுத்தும் தாள் தராத அச்சு இயந்திரத்தைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்வதில்லை. பழுதாகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். காது, வால், கண் ஆகியவற்றோடு சேர்ந்து வரும் கீழ்ப்படியாமையை நாம் குணமாக வாசிக்கிறோம். குறி தவறிய அம்பு இங்கே வாலாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது. சும்மா இருக்கும்போதும் முழுமையாக உறைந்துவிடாமல் மூச்சுவிடுவது போலச் சிறிதே அசைவது, ஒலி வந்ததும் உடனே திரும்பாமல் ஒரு கணம் தாமதித்துத் திரும்புவது போன்றவையும் இதே வகையைச் சேர்ந்தவை. உடனடி மறுமொழி இயந்திரத்தின் அடையாளம். சிறு தாமதத்தை நாம் யோசனை என்று எடுத்துக்கொள்கிறோம்.

உருவத் தேர்விலும் இதே அளவு கவனம் தேவைப்படுகிறது. டோக்கியோ தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக இருந்த மோரி மசாஹிரோ 1970-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், ரோபோ மனித உருவத்தை நெருங்க நெருங்க நமக்கு அதன்மேல் ஈர்ப்பு கூடும் என்றும், மிக நெருங்கி இன்னும் முழுமையடையாத ஒரு கட்டத்தில் அந்த ஈர்ப்பு சட்டென்று சரிந்து அருவருப்பாக மாறும் என்றும் கூறினார். அந்தச் சரிவுக்கு அவர் வைத்த பெயர் 'புகிமி நோ தானி'. திகிலூட்டும் பள்ளத்தாக்கு என்று சொல்லலாம். பொம்மை செய்பவர்கள் இந்தப் பள்ளத்தின் பக்கமே போகாமல் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

ஜப்பானின் தேசிய உயர் தொழில்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஷிபாதா தகானோரி 1993 முதல் உருவாக்கிவந்த பாரோ என்ற செல்ல ரோபோ இதற்கு நல்ல சான்று. முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் உள்ளவர்களுக்கு, குறிப்பாக மறதி நோய் கொண்டவர்களுக்கு, உண்மையான பிராணிகளுக்குப் பதிலாகத் துணையிருப்பதற்காக அது வடிவமைக்கப்பட்டது. நாய், பூனை வடிவங்களை ஒதுக்கிவிட்டு அவர் சீல் குட்டியைத் தேர்ந்தெடுத்தார். நாயும் பூனையும் எப்படி நடந்துகொள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரோபோ அப்படி நடக்காவிட்டால் உடனே குறை தெரியும். சீல் குட்டியை மடியில் வைத்துப் பழகியவர் யாரும் இல்லை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. (தமிழில் அதைக் கடல்நாய் என்று சொல்வதால் நமக்கு நாய் நினைவு வந்துவிடுவது வேறு விஷயம்.) பாரோ நடக்காது, ஓடாது, சுமார் 2.7 கிலோ எடையோடு மடியில் கிடந்து தலையைத் தூக்கும், கண் சிமிட்டும், துடுப்பை அசைக்கும், உண்மையான குட்டியின் பதிவு செய்யப்பட்ட குரலில் முனகும். வெண்ணிற உரோமத்துக்கு அடியில் தொடு உணரிகள் இருக்கின்றன. 2009-இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அதை இரண்டாம் வகுப்பு மருத்துவக் கருவியாக ஏற்றது.

பாரோவுக்கு மின்னேற்றம் செய்யும் கம்பியின் முனை குழந்தைகளின் சூப்பான் வடிவத்தில் இருக்கிறது. அதை வாயில் வைத்தால் குட்டி பால் குடிப்பது போலத் தோன்றும். இது வெறும் அழகுக்காகச் செய்தது அல்ல. எல்லா வீட்டு ரோபோக்களுக்கும் பெரிய எதிரி மின்கலம். பல மூட்டுகள் அசையும் உடலை ஒரு சிறு மின்கலம் நெடுநேரம் தாங்காது. 2018-இல் வந்த புதிய ஐபோவே இரண்டு மணிநேரம் இயங்கினால் மூன்று மணிநேரம் மின்னேற வேண்டியிருந்தது. இந்தக் குறையை மறைக்க முயலாமல், அதற்கு உயிரினத்தின் தேவை ஒன்றை உடுத்திவிடுவது ஜப்பானிய வடிவமைப்பாளர்களின் கெட்டிக்காரத்தனம். ஒரு பொம்மைக்கு அது பால், இன்னொன்றுக்குக் கூடு, மற்றொன்றுக்குத் தூக்கம்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தின் உச்சம் என்று லவோட்டைச் சொல்வேன். சாஃப்ட்பேங்க் நிறுவனத்தின் பெப்பர் என்ற மனித உருவ ரோபோத் திட்டத்தில் பணியாற்றிய ஹயாஷி கானமே தொடங்கிய குரூவ் எக்ஸ் நிறுவனம் 2018 டிசம்பரில் அதை அறிமுகப்படுத்தியது. சுமார் நான்கு கிலோ எடையுள்ள அந்த உருண்டை உருவத்தைத் தூக்கினால் உடல் இதமாகச் சூடாக இருக்கும். கணினிச் சில்லுகள் வேலை செய்யும்போது சூடாவது பொறியாளர்களுக்குத் தொல்லை. அதை வெளியேற்ற விசிறி வைப்பார்கள். லவோட்டிலோ அந்த வெப்பத்தையே உடல் முழுதும் பரவவிட்டு உடற்சூடாக்கிவிட்டார்கள். தூக்கும்போது சக்கரங்கள் உடலுக்குள் மடங்கிக்கொள்ளும். தூக்கியவரின் உடை அழுக்காகாது, கைக்குழந்தையைத் தூக்கியது போலவும் இருக்கும். பாத்திரம் கழுவுவது, பாட்டுப் போடுவது போன்ற எந்தப் பயனுள்ள வேலையும் அது செய்யாது. இன்னும் ஒரு படி மேலே போனது யுகாய் எஞ்சினியரிங் நிறுவனத்தின் கூபோ: தலையும் காலும் இல்லாத உருண்டைத் தலையணை, அதில் ஒரு வால். தடவினால் வால் ஆடும். அழுத்தித் தடவினால் வேகமாக ஆடும். அதைக் கேட்டவுடன் சிரிப்பு வரும். ஆனால் மடியில் வைத்துக்கொண்டவர்கள் மீதிப் பூனையைத் தாங்களே கற்பனையில் வரைந்துகொள்கிறார்கள்.

இவற்றுள் பெரும்பாலானவை பேசாதவை என்பதைக் கவனித்திருக்கலாம். பேசும் பொருளிடம் நாம் பேச்சுக்குரிய அறிவை எதிர்பார்க்கிறோம். இரண்டாவது கேள்விக்கே அது தடுமாறினால் மதிப்பு போய்விடுகிறது. முனகலுக்குத் தவறான விடை என்று ஒன்று கிடையாது. இந்த உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்தியது 2002-இல் தகாரா நிறுவனம் விற்ற பௌலிங்குவல். நிஜ நாயின் கழுத்துப்பட்டையில் மைக்கைப் பொருத்தி, குரைப்பை ஆறு உணர்ச்சிகளாகப் பிரித்து, கையடக்கத் திரையில் வாக்கியமாகக் காட்டிய கருவி அது. அதற்கும் இக் நோபல் கிடைத்தது, இம்முறை சமாதானத்துக்காக.

2006-இல் சோனி ஐபோ உற்பத்தியை நிறுத்தியது. 2017 நவம்பர் 1-ஆம் தேதி புதிய ஐபோவை அறிவித்து, 2018 ஜனவரி 11-ஆம் தேதி விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு தேதிகளிலும் மூன்று ஒன்றுகள் இருப்பது தற்செயல் அல்ல. ஜப்பானில் நாய் 'வன் வன்' என்று குரைக்கும், ஆங்கிலத்தில் ஒன்று என்ற எண்ணின் ஒலியும் அதுவே. புதிய நாய்க்கு 22 அச்சுகள், ஒளிரும் திரைகளால் ஆன கண்கள், வீட்டின் வரைபடத்தைத் தானே வரைந்துகொள்ளும் திறன் ஆகியவை உண்டு. முதுகின் பின்பகுதியில் உள்ள கேமரா மேலே பார்த்து, உத்தரத்திலும் சுவரிலும் உள்ள அடையாளங்கள் தான் நகரும்போது எப்படி இடம் மாறுகின்றன என்று கணக்கிட்டுத் தன் இடத்தை அறிந்துகொள்கிறது. இருட்டில் சுவரைத் தடவியபடி நடந்து புது வீட்டைப் பழகுகிறவரின் முறைதான் இது. கைக்குப் பதில் கண் வேலை செய்கிறது.

வெளிவந்தபோது அதன் விலை 1,98,000 யென். அதோடு மூன்று ஆண்டுகளுக்கு 90,000 யென் சந்தாவும் இருந்தது. ஏனெனில் நாயின் நினைவில் ஒரு பகுதி அதன் தலைக்குள் இல்லை, இணையம் வழியே எட்டும் சோனியின் சர்வர் கணினியில் இருக்கிறது. உணர்வது, தீர்மானிப்பது, அசைவது என்று தொடக்கத்தில் பார்த்த வட்டத்தில் தீர்மானிக்கும் பகுதி வீட்டுக்கு வெளியே போய்விட்டது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். இதனால் பொம்மை நாளுக்கு நாள் மேம்படுகிறது. கூடவே புதிய வகை மரணம் ஒன்றும் வந்து சேர்கிறது. அமெரிக்காவில் 2017-இல் விற்பனைக்கு வந்த ஜிபோ என்ற மேசை ரோபோ, 2019-இல், தன்னை இயக்கும் சர்வர்கள் நிறுத்தப்படப் போவதாகத் தன் உரிமையாளர்களிடம் தானே சொல்லி விடைபெற்றது. மோட்டாரும் மின்கலமும் நன்றாகவே இருந்தன. மறுபக்கம், வீட்டின் பேச்சு வெளியே போகும் ஆபத்தும் உண்டு. ஃபர்பியைக் குறித்து வீணாக எழுந்த அச்சம், 2017-இல் ஜெர்மனி கெய்லா என்ற பேசும் பொம்மையை மறைமுக ஒட்டுக்கேட்புக் கருவி என்று தடை செய்தபோது நியாயமான அச்சமாகிவிட்டது. எனவே ஒரு ரோபோ பொம்மையை வாங்கும் முன் அது எத்தனை தந்திரங்கள் செய்யும் என்று கேட்பதைவிட, இணையம் இல்லாமல் எதையெல்லாம் செய்யும், கேமராவில் பதிவானது எங்கே போய்ச் சேரும், நிறுவனம் கடையை மூடினால் அது என்ன ஆகும் என்று கேட்பது பயனுள்ளது.

பழைய ஐபோக்களுக்குச் சர்வர் கிடையாது என்பதால் உற்பத்தி நின்ற பிறகும் அவை ஓடிக்கொண்டிருந்தன. தேய்ந்தது பற்சக்கரங்களும் மூட்டுகளும் மின்கலங்களும். சோனி 2014 மார்ச் மாதத்தோடு பழுதுபார்க்கும் சேவையை மூடியதும், முன்னாள் சோனி பொறியாளர்கள் நடத்தும் ஏ-ஃபன் என்ற சிறு நிறுவனத்துக்கு நாய்கள் வந்து குவிந்தன. புதிய உதிரிபாகங்கள் எங்கும் செய்யப்படவில்லை. ஒரு நாயைக் குணப்படுத்த வேண்டுமானால் இன்னொரு நாயைப் பிரித்தாக வேண்டும். ஜப்பானில் பழைய பொம்மைகளுக்கும் உடைந்த ஊசிகளுக்கும் கோயிலில் வழிபாடு செய்து விடைகொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாகவே உண்டு. அதன்படி 2015 முதல் சிபா மாநிலத்தின் இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி என்ற பௌத்தக் கோயிலில், பிரிக்கப்படவிருக்கும் ஐபோக்களுக்கு ஈமச் சடங்கு நடத்தத் தொடங்கினார்கள். 2018 ஏப்ரலில் நடந்த சடங்கில் 114 நாய்கள் பீடத்தில் வரிசையாக அமர்த்தப்பட்டிருந்தன. எந்த ஊரிலிருந்து, எந்தக் குடும்பத்திலிருந்து வந்தது என்று எழுதிய சீட்டு ஒவ்வொன்றின் உடலிலும் இருந்தது. துறவி மந்திரம் ஓதி முடித்த பிறகு அவை பட்டறைக்குத் திரும்பின. அங்கே, வேறு யாருடைய வீட்டிலோ நடக்க முடியாமல் கிடந்த நாய்களுக்காக, அவற்றின் கால் மூட்டுகள் கழற்றப்பட்டன.